ஓடுவதும் ஓட்டுவதும்: செட்டிநாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

தேவகோட்டையில் எங்கள் வீட்டு முகப்பில் 19 ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்திவருகிறேன். ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருகிறார்கள். காரைக்குடி, கண்டனூர், புதுவயல் பக்கமிருந்துகூட இரண்டு பேர் பஸ் ஏறி வருகிறார்கள். எல்லோரும் உங்கள் மாணவர்கள். பகலில் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை மாலையில் என்னிடம் கொண்டுவருகிறார்கள். ஆகவே உங்கள் உழைப்பை அருகிலிருந்து பார்க்கிறவள் நான். ஒரே அறையில் அறுபது பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். உங்களைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. அதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சென்ற ஆடி மாதம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டுப்பாடத்தைத் திருத்தித் தரும்படி நீட்டினாள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழில் எழுதவேண்டும். நான்காவது வாக்கியம்: 'மை ஃபாதர் ரன்ஸ் எ மெஸ்'. அதற்கு நேரே அவள் எழுதியிருந்தது: 'என் அப்பா மெஸ்ஸை ஓடுகிறார்.'

அந்தப் பெண்ணின் அப்பா உண்மையிலேயே மெஸ் வைத்திருக்கிறார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நான்கு மேசை போட்ட சின்ன இடம். காலையில் இடியாப்பமும் மதியம் சாப்பாடும் உண்டு. அவளுக்கா தெரியாது? நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். 'ஓடுகிறார்' என்ற சொல்லுக்கு அடியில் தாள் தேய்ந்து மெலிந்திருந்தது. ரப்பரால் அழித்த பென்சில் தடம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அவள் முதலில் எழுதியிருந்த சொல் 'நடத்துகிறார்'.

ஏன் அழித்தாய் என்று கேட்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அங்கே இரண்டு பத்தியாகச் சொற்பட்டியல் இருந்தது. கம், வா. கோ, போ. டேக், எடு. ரன், ஓடு. பட்டியலுக்குக் கீழே சிவப்பு மையில் சரி என்ற குறி. "பட்டியலில் ஓடு என்றுதானே இருக்கிறது, ஆச்சி? அதுதானே சரியாக இருக்கும்?" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மெஸ்ஸை நடத்துவார்கள் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த காது அவளுக்கு. அந்தக் காது சரியாகவே சொல்லியது. பட்டியல் அதைத் தோற்கடித்துவிட்டது. ஒரு பிள்ளை தான் அறிந்ததைத் தானே ரப்பரால் அழிக்கும்படி நாம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறோம் என்றால், பிழை பிள்ளையிடம் இல்லை. அந்தச் சிவப்புக் குறி போட்டவரிடமும் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற ஏற்பாட்டில்தான் பிழை இருக்கிறது. நானும் பல ஆண்டுகள் அதே பட்டியலை எழுதிப்போட்டவள்தான்.

இந்த 'ரன்' என்ற சொல் சாதாரணமானதில்லை. சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்டபோது, பொருள் பிடிபடாமல் தம் வேலையைப் பெருக்கிய வினைச்சொற்களை முன்னுரையில் பெயர்சொல்லி வரிசைப்படுத்தினார். கம், கெட், கிவ், செட், கோ, மேக், டேக் என்று போகும் அந்த வரிசையில் ரன்னும் உண்டு. பின்னால் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது 'செட்'. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் செட் என்ற வினைக்கு மட்டும் 430 பொருள்கள். அதை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள். இப்போது நடக்கும் திருத்தப் பணியில் ரன் அதைத் தாண்டிவிட்டது. வினையாக வரும்போது மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதம் உட்கார்ந்தார். அகராதியே தொழிலாகக் கொண்டவருக்கு ஒன்பது மாதம் பிடித்த சொல்லை, நாம் ஒரு கோடு போட்டு எதிரே 'ஓடு' என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

645ஐயும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சொல் எப்படி இவ்வளவு பெருத்தது என்ற கதையைச் சொன்னால் போதும். பத்து நிமிடம் பிடிக்கும். அதில் நம் பிள்ளைகளுக்கு உறவான ஒரு செய்தியும் இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ஒரு சொல் இல்லை, இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று 'ரின்னன்': தானே ஓடுவது, தண்ணீர் பாய்வது. இன்னொன்று 'ஆர்னன்': ஓடச்செய்வது, குதிரையை விரட்டிச் செலுத்துவது. வட ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகளின் பேச்சிலும் இதே போன்ற ஓர் இணை இருந்தது; அவர்கள் இங்கிலாந்தில் குடியேறியபோது அதுவும் வந்து சேர்ந்தது. காலப்போக்கில் எல்லாம் உருகி ஒரே சொல்லாகிவிட்டன. ஜெர்மன் மொழியில் மட்டும் இன்றும் 'ரின்னன்' என்றால் ஒழுகுவது, 'ரென்னன்' என்றால் ஓடுவது என்று இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன.

தானே செய்வது ஒன்று, செய்யவைப்பது இன்னொன்று. இதைத்தானே பக்கத்து அறையில் தமிழாசிரியர் தன்வினை, பிறவினை என்று நடத்துகிறார்? ஆடு, ஆட்டு. கூடு, கூட்டு. ஓடு, ஓட்டு. நட, நடத்து. (எங்கள் பக்கம் தத்தெடுப்பதைப் பிள்ளை கூட்டுதல் என்கிறோமே, அந்தக் கூட்டுதலும் இந்த வகைதான். பிள்ளை தானாகக் கூடவில்லை, கூட்டுகிறோம்.) ஆங்கிலம் தன்னிடமிருந்த இந்த வேறுபாட்டை இழந்துவிட்டது. ஓடுவதற்கும் ஓட்டுவதற்கும் அங்கே ஒரே சொல். தமிழ் இழக்கவில்லை. மெஸ் ஓடுகிறது என்றாலும் ரன். அப்பா மெஸ்ஸை நடத்துகிறார் என்றாலும் ரன். இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் தமிழில் இரண்டு இருக்கிறது, ஆங்கிலத்தில் ஒன்றுதான் இருக்கிறதா?" என்று கேட்டாள். தமிழில் ஒன்று அதிகமாக இருக்கிறது என்று ஆங்கில வகுப்பில் ஒரு பிள்ளை கண்டுபிடித்தால், அதன் பிறகு அவள் ஆங்கிலத்தைப் பார்த்துப் பயப்படமாட்டாள். என் அனுபவத்தில் சொல்கிறேன்.

வ.உ.சிதம்பரம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர். அவரைக் கப்பல் ஓட்டியவர் என்கிறோம். அவர் சுக்கான் பிடித்தார் என்றா பொருள்? கம்பெனியை நடத்தினார், கப்பல்கள் ஓட ஏற்பாடு செய்தார் என்று பொருள். பஸ் கம்பெனி நடத்துகிற முதலாளியைக்கூட 'பத்து பஸ் ஓட்டுகிறார்' என்று நம் ஊரில் சொல்வார்கள். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கவேமாட்டார். ஆங்கிலத்தில் தொழில் நடத்துவதற்கு ரன் என்று சொல்லும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பரவியது. நமக்கு ஓட்டு என்ற சொல் அதே வேலையைச் செய்கிறது. இதைவிட நல்ல பாலம் எங்கே கிடைக்கும்?

ரன், ரேன், ரன் என்று மூன்று வடிவங்களை மனப்பாடம் செய்யும்போது பிள்ளைகள் தடுமாறுவதையும் பார்த்திருப்பீர்கள். நடுவில் மட்டும் ஏன் மாறுகிறது, கடைசியில் ஏன் பழையபடி திரும்புகிறது என்று கேட்பார்கள். விடை எளிது. சிங், சேங், சங் என்று பாடுவதற்கு வருகிறதல்லவா? இதுவும் அப்படித்தான் ரின், ரேன், ரன் என்று இருந்திருக்கவேண்டியது. மூன்றாவது வடிவத்துக்கு உரிய உயிரொலி மெல்ல மெல்ல நிகழ்காலத்துக்கும் பரவி, 16ஆம் நூற்றாண்டுக்குள் நிலைத்துவிட்டது. அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' என்பதையே எழுத்து இடம் மாறி 'இர்னன்' என்றும் சொல்லியிருக்கிறார்கள். தசை சதை ஆனதையும் விசிறி சிவிறி ஆனதையும் படிக்கும் பிள்ளைக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

இந்தச் சொல்லின் ஆதிப் பொருளில் காலும் உண்டு, தண்ணீரும் உண்டு. தண்ணீர்ப் பொருளுக்கு எங்கள் வீட்டிலேயே பாடம் இருக்கிறது. வளவின் நடுவே திறந்த முற்றம். நான்கு பக்கமும் நாட்டு ஓடு வேய்ந்த சரிவு. ஐப்பசி மழையில் ஓட்டின் மேல் ஓடிவரும் தண்ணீர் மூலைகளில் தகரக் குழாய் வழியாக இறங்கி, கீழே வைத்த அண்டாவில் விழும். அந்தச் சத்தத்தில் என் குரல் எடுபடாது; பிள்ளைகளை நோட்டை மூடிவிட்டு மழையைப் பார்க்கச் சொல்லிவிடுவேன். ஒருமுறை அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் கேட்டான்: "ஓட்டில் ஓடுகிறது என்கிறோமே ஆச்சி, இரண்டும் ஒரே சொல்லா?" நல்ல கேள்வி. இரண்டும் வேறு. கூரை ஓடு தனிச்சொல், ஓடுவது தனிச்சொல். ஒலி மட்டும் ஒன்றாக அமைந்துவிட்டது. 'மழையோடு' என்பதில் வரும் ஓடு மூன்றாவது. அது வேற்றுமை உருபு. ஆனால் குதிரை ஓடுவதும், தண்ணீர் ஓடுவதும், காலம் ஓடுவதும், கடை ஓடுவதும் ஒரே சொல்லின் கிளைகள். ஒலி ஒன்றாக இருக்கும் வெவ்வேறு சொற்கள் ஒரு வகை. ஒரே சொல் கிளைவிட்டுப் பரவுவது இன்னொரு வகை. ஆங்கில ரன் இரண்டாவது வகை. இந்த வேறுபாட்டை ஒரு மழைநாளில் ஒன்பதாம் வகுப்புப் பையன் தானே கேட்டுப் பிடித்தான்.

ஐரோப்பாவில் ஓடும் ரைன் ஆற்றின் பெயருக்கும் ரன்னுக்கும் வேர் ஒன்று என்று சொல் வரலாற்றாளர் கூறுகிறார்கள். பாலைத் திரையவைத்துப் பாலாடைக்கட்டி செய்ய அவர்கள் சேர்க்கும் 'ரென்னட்' என்ற பொருளின் பெயரும் இந்தக் குடும்பம்தான். பால் ஓடித் திரண்டு ஒன்றுசேர்வதால் அந்தப் பெயர். வீட்டில் தினமும் பாலுக்கு உறை ஊற்றுகிற பெண்பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருந்தது.

அடுத்து நான் சொல்லப்போவது என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது.

என் ஐயா, அதாவது தாத்தா, பதினான்கு வயதில் ரங்கூனுக்கு, வட்டிக்கடையில் உதவும் பெட்டியடிப் பையனாகப் போனவர். கடல் கடந்து தொழில் செய்யப் போனதை, கொண்டுவிற்கப் போனார் என்றுதான் அப்பத்தா சொல்வார்கள். பின்னால் மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரை உயர்ந்தார். எங்கள் பங்குக்கு வந்த அறையில் அவருடைய தகரப் பெட்டி இன்னும் இருக்கிறது. அதில் ஒரு பேரேடு. அந்துருண்டை வாசனையோடு, ஓரம் பொடிந்து, ஆனால் எழுத்து இன்றும் கறுப்பாக இருக்கிறது. ஒரு பக்கத்தின் மேலே அவர் கையெழுத்தில் 'நடப்பு வட்டி' என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் ரங்கூன் முகல் தெருவில் இருந்த நம் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடி, தங்களுக்குள் வாங்கும் கொடுக்கும் பணத்துக்கு அந்த மாத வட்டி என்ன என்று முடிவுசெய்வார்கள். 1929-30இல் நடந்த பர்மா வங்கி விசாரணைக் குழுவும் இதைப் பதிவுசெய்திருக்கிறது. அந்த வட்டிக்குப் பெயர்தான் நடப்பு வட்டி. ஆங்கிலத்தில் 'கரண்ட்' வட்டி என்று எழுதினார்கள்.

கரண்ட் என்ற சொல் லத்தீன் மொழியின் 'குர்ரெரே' என்ற வினையிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் ஓடு. ரன்னுக்கும் அதற்கும் பிறப்பில் உறவு கிடையாது. பொருளால் மட்டும் ஒன்று. ஆங்கிலத்தில் வட்டி ஓடுகிறது, கணக்கு ஓடுகிறது. தமிழில் வட்டி நடக்கிறது, கணக்கு நடக்கிறது: நடப்பு வட்டி, நடப்புக் கணக்கு, நடப்பு ஆண்டு. அதே கரண்ட் என்ற சொல் மின்சாரத்தைக் குறிக்கும்போது நாமும் ஓடத் தொடங்கி 'மின்னோட்டம்' என்கிறோம். பணத்தைக் குறிக்கும் 'கரன்சி' என்ற சொல்லும் குர்ரெரேயின் பிள்ளைதான். அங்கே பணம் ஓடுகிறது. இங்கே பணம் செல்கிறது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் 'செல்லாது' என்று கேட்டோமே, அந்தச் செல்லாதில் இருப்பது செல் என்ற வினை. நீங்கள் நாள்தோறும் சொல்லும் 'கரிகுலம்', அதாவது பாடத்திட்டம், அதுவும் ஓட்டம் என்ற பொருளில் பிறந்த சொல்தான்.

ஆங்கிலேயர் ஓடுகிற இடத்தில் நாம் நடக்கிறோம். சில இடத்தில் செல்கிறோம். சில இடத்தில் அவர்களோடு சேர்ந்து ஓடுகிறோம். பள்ளிக்கூடம் நடத்துகிறோம், கடை நடத்துகிறோம், வழக்கு நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம். ஆனால் படம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது. மனம் பதறினால் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. இயந்திரங்கள் பெருகிய பிறகுதான் ஆங்கிலத்திலும் ரன்னுக்கு இவ்வளவு கிளைகள் வந்தன. ரயில், தறி, மோட்டார், கடைசியில் கம்ப்யூட்டர் புரோகிராம் வரை எல்லாவற்றையும் இந்த ஒரு சொல்லே தாங்கிக்கொண்டது.

தேர்தலைப் பாருங்கள். அமெரிக்கர் தேர்தலில் ஓடுகிறார்; ரன் என்கிறார். பிரிட்டிஷ்காரர் நிற்கிறார், ஸ்டேண்ட் என்கிறார். நாமும் நிற்கிறோம். சிவகங்கைத் தொகுதியில் யார் நிற்கிறார் என்றுதான் டீக்கடையில் கேட்கிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது வகுப்பு அரைமணி நேரம் இதிலேயே போய்விட்டது. ஒரே செயலை ஒரு நாட்டார் ஓட்டமாகவும் இன்னொரு நாட்டார் நிற்றலாகவும் பார்க்கிறார்கள் என்றால், சொல் என்பது பொருளின் மேல் ஒட்டிய சீட்டு இல்லை என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது.

இனி, தமிழ் முற்றிலும் வேறு பக்கம் திரும்பும் இடங்கள். நம் ஊர்ப் பொருள்களிலேயே காட்டுகிறேன். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போகும் சேலை ஒன்றின் அட்டையில், முதல் சலவையில் நிறம் 'ரன்' ஆகலாம் என்று அச்சிட்டிருந்தார்கள். ஒரு மாணவன் அதை 'நிறங்கள் ஓடலாம்' என்று பெயர்த்தான். சாயம் போகும் என்று அவன் அம்மா வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லியிருப்பார். நம் பெரிய வீடுகள் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை ரன் ஆகின்றன என்று சுற்றுலாக் குறிப்புகளில் எழுதுகிறார்கள். நாம் 'வாசல் இந்தத் தெருவில், கொல்லை அடுத்த தெருவில்' என்போம். குழாயில் தண்ணீர் வரும். மூக்கு ஒழுகும். கேஸ் தீரும். சர்க்கரை வியாதி பரம்பரையாக வரும். கடன் ஏறும். காய்ச்சல் அடிக்கும். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ரன் போட்டுச் சொல்லலாம். தமிழில் ஒன்றில்கூட ஓடு வராது.

காய்ச்சல் அடிக்கும் என்றதும் நினைவுக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டுப் பெண் ஒருவர் கானாடுகாத்தானில் ஒரு மாதம் தங்கியிருந்தார். தமிழ் கற்றுக்கொள்ள விரும்பி வாரம் இரண்டு நாள் என்னிடம் வந்தார். அவரிடமும் ஒரு சொற்பட்டியல் இருந்தது. அதில் 'அடி' என்பதற்கு எதிரே, கையால் அடிப்பது என்ற ஒரே பொருள். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, மணி அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், குளத்தில் நீச்சல் அடிக்கிறார்கள், கண் அடிக்கிறான், அரட்டை அடிக்கிறார்கள், வாடை அடிக்கிறது, அதிர்ஷ்டம் அடித்தது. பாவம், ஒவ்வொன்றுக்கும் அவர் கைவிரலால் காற்றில் தட்டிப் பார்த்து, எங்கே அடி விழுகிறது என்று தேடினார். பட்டியலை ஓரமாக வைக்கச் சொன்னேன். வெயில் என்ன செய்கிறது, காற்று என்ன செய்கிறது என்று வெளியே கூட்டிப்போய்க் காட்டினேன். மேலே வந்து படுகிறது, திரும்பத் திரும்பப் படுகிறது, நாம் தடுக்க முடியாது. காய்ச்சலும் அப்படித்தான். மூன்றாம் வாரம் அவரே 'மழை வாசனை அடிக்கிறது' என்றார். யாரும் சொல்லிக்கொடுக்காத வாக்கியம் அது.

நம் மொழியைக் கற்கவரும் ஒருவரிடம் 'அடி' என்பதற்கு ஒரு பொருள் மட்டும் எழுதிக் கொடுத்தால் நமக்கு நெஞ்சு பொறுக்காது. நம் பிள்ளைகளிடம் 'ரன்' என்பதற்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

என் கோரிக்கை இதுதான். ஒரு பருவத்துக்கு மூன்று வினைச்சொற்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவற்றுக்குப் பட்டியல் வேண்டாம். ரன், டேக், கெட் என்று தொடங்கலாம். ஒவ்வொன்றுக்கும் வகுப்பில் ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். பிள்ளை அந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும், பாடப்புத்தகத்திலோ, மருந்துச் சீட்டிலோ, பஸ்ஸின் பின்புறத்திலோ, கிரிக்கெட் வர்ணனையிலோ, ஒரு துண்டுச் சீட்டில் அந்த வாக்கியத்தை எழுதவேண்டும். சீட்டின் மறுபக்கத்தில் அதையே தன் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று அப்பத்தாவையோ ஆயாவையோ கேட்டு எழுதவேண்டும். பொருள் எழுதவேண்டாம். வீட்டில் சொல்கிற வாக்கியம் போதும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே இப்படித்தான் உருவானது. 1857இல் லண்டனில் சில அறிஞர்கள் தொடங்கிவைத்த வேலை அது. ஊர் ஊராக இருந்த வாசகர்கள் தாங்கள் படித்த புத்தகங்களிலிருந்து ஒரு சீட்டுக்கு ஒரு வாக்கியம் என்று எழுதி அனுப்பினார்கள். ஜேம்ஸ் மர்ரே என்ற பள்ளி ஆசிரியர் தம் தோட்டத்தில் இரும்புத் தகடு போட்ட ஒரு கொட்டகை கட்டி, அந்தச் சீட்டுகளைச் சிறு சிறு மாடங்களில் பிரித்துவைத்தார். 1928இல்தான் முதல் பதிப்பு முழுமையடைந்தது; அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஆம், ஆசிரியர்களே, அந்த வேலையைத் தோளில் சுமந்தவர் உங்களைப் போன்ற ஒரு பள்ளி ஆசிரியர். துண்டுத் தாளைச் சேர்ப்பது நமக்கும் புதிதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வீட்டில் பழைய புத்தகங்களையும் நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூட விடாமல் சேர்த்துவைத்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

இரண்டாவதாக, தமிழாசிரியரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தன்வினை பிறவினை நடத்தும் அதே வாரத்தில் நீங்கள் ரன் நடத்தினால் இரண்டு பாடமும் ஒன்றையொன்று தாங்கும். ஆசிரியர் அறையில் ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடிக்கிறீர்கள். அந்த நேரத்திலேயே பேசி முடித்துவிடலாம்.

தேர்வு என்னாவது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். மதிப்பெண் வாங்கவேண்டிய பிள்ளைகள். பெற்றோர் உங்களிடம்தான் வந்து நிற்பார்கள். என் வகுப்பில் இதை இரண்டு ஆண்டுகளாகச் செய்துபார்க்கிறேன். எல்லோருக்கும் மதிப்பெண் கூடிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் தெரியாத வாக்கியம் வந்தால் பேனாவை வைத்துவிட்டு உட்காரும் பழக்கம் குறைந்திருக்கிறது. சுற்றியிருக்கும் சொற்களைப் பார்த்து, 'இங்கே ஓடுவது எது, ஓட்டுவது யார்?' என்று தங்களுக்குள் கேட்கிறார்கள். கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகள்தான் இதில் முந்துகிறார்கள். அவர்கள் வீட்டுப் பேச்சில் வினைச்சொற்கள் அவ்வளவு செழிப்பாக இருக்கின்றன. ஆங்கிலம் வராது என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள் அவர்கள் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பையன், 'எங்கள் கிணற்றில் ஊற்று ஓடுகிறது, மோட்டார் ஓடவில்லை, அப்பா ஓடிக்கொண்டிருக்கிறார்' என்று ஒரே சீட்டில் எழுதிக்கொண்டுவந்தான். மூன்றையும் ரன் வைத்தே ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா என்று கேட்டான். உட்கார்ந்து பார்த்தோம். மூன்றும் முடிந்தது.

இப்போது என்னிடம் ரன்னுக்கு மட்டும் 184 சீட்டுகள் இருக்கின்றன. ஐயாவின் தகரப் பெட்டியில், பேரேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மெஸ்காரர் மகள் எழுதியதும் அதில் உண்டு. பென்சிலில் எழுதிய அந்தச் சீட்டில் அழித்த தடம் எதுவும் இல்லை.

பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் எந்தச் சனிக்கிழமையும் மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம். சீட்டுகளை எடுத்துப்போய் உங்கள் வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டேக் என்ற சொல்லுக்கு இப்போதுதான் பெட்டி வைத்திருக்கிறோம். அதில் இதுவரை பதினொரு சீட்டுதான் விழுந்திருக்கிறது. உங்கள் மாணவர்களிடமிருந்து மீதி வரவேண்டும்.

இப்படிக்கு,
தேவகோட்டையில் மாலை வகுப்பு நடத்தும் ஓர் ஆச்சி